மாலைச் செபமும் மறுமலர்ச்சிக்காலப் பல்குரலிசையும்: கேட்டோர் யார் என்னும் வினா குறித்துச் சில சிந்தனைகள்

ஐரோப்பிய இசையின் வரலாற்றை எழுதியோர் இயற்றியவரைப் பற்றியும் இயற்றப்பட்டவற்றைப் பற்றியும் மிக விரிவாகவே எழுதியுள்ளனர். கேட்டோரைப் பற்றி எழுதப்பட்டவை ஒப்பீட்டளவிற் குறைவு. அவ்விசை எங்கே பாடப்பட்டது, எவருடைய செலவிற் பாடப்பட்டது, பாடப்பட்ட சொற்கள் எவருக்கு விளங்கின என்ற வினாக்களை எழுப்பும்போதே அது வெறும் ஒலிக்கோலமாக நில்லாது சமுதாய வரலாற்றின் பகுதியாகின்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் மாலைச் செபத்தையும், அதனைச் சுற்றிப் பதினாறாம் நூற்றாண்டில் வளர்ந்த பல்குரலிசையையும் இந்நோக்கிற் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் முயற்சி.

இத்துறையில் இரு நிலைப்பாடுகளை நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். ஒன்று, இவ்விசை நிலமானியப் பிரபுக்களும் மதகுருமாரும் தம் ஆடம்பரத்திற்கென வளர்த்த கலை. முற்போக்குச் சிந்தனையாளருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை என்பது. மற்றையது, இது காலத்தையும் வர்க்கத்தையும் கடந்த தூய ஒலி. கண்களை மூடிக்கொண்டு கேட்டலே அதற்குச் செய்யும் மரியாதை என்பது. இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. பாடப்படும் சொற்களை இரண்டுமே செவிமடுப்பதில்லை. நாமும் ஒருகாலத்தில் முதலாவது நிலைப்பாட்டையே கொண்டிருந்தோம். அது நம்மைக் கேட்கும் சிரமத்திலிருந்து விடுவித்தது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இருந்ததாக இப்போது தோன்றவில்லை.

முதலில் மாலைச் செபம் யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் இத்தாலியில் வகுத்த துறவற விதி, நாளைச் செப வேளைகளாகப் பகுத்து, தாவீதின் 150 சங்கீதங்களும் ஒரு வாரத்துள் ஓதி முடிக்கப்படவேண்டும் எனப் பணித்தது. அவ்வேளைகளுட் சூரியன் சாயும் நேரத்திற்குரியது இலத்தீனில் வெஸ்பெரே எனப்பட்டது. ஆசீர்வாதப்பரின் விதியில் அதற்கு நான்கு சங்கீதங்கள். உரோமைத் திருச்சபையின் பொதுமுறையில் ஐந்து. தொடக்கத்தில் இறைவனது உதவியை வேண்டும் ஒரு சிறு மன்றாட்டு, பின்னர் சங்கீதங்கள், அவற்றைத் தொடர்ந்து ஒரு சிறு வாசகமும் ஒரு கீதமும், இறுதியாக, எல்லோரும் எழுந்து நிற்க, பீடத்திற்குத் தூபமிடப்பட, மரியாளின் புகழ்ப்பாவாகிய மக்னிபிக்காத். பல நூற்றாண்டுகளாக மாலைச் செபத்தின் எலும்புக்கூடு இதுவே.

சங்கீதம் ஓதும் முறையை அறியாதார்க்கு அதன் எளிமை வியப்பைத் தரும். ஒவ்வோர் அடியும் இரு பாதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு சிறு ஏற்றத்துடன் தொடங்கி, பெரும்பாலான சொற்களை ஒரே சுரத்தில் நிறுத்தி ஓதி, பாதியின் முடிவில் ஒரு சிறு வளைவு. ஒரு மூச்சளவு மௌனம். பின்னர் அதே சுரம், முடிவில் இன்னொரு வளைவு. இவ்வாறான ஓதுமெட்டுகள் எட்டு. இவற்றுக்குப் புறம்பாக, ஓதுசுரம் நடுவில் இடம்பெயர்வதனால் ‘அலைந்து திரியும் மெட்டு’ எனப்பட்ட ஒன்றும் உண்டு. இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறியதைக் கூறும் சங்கீதத்திற்கு அது உரியதாயிற்று. பாடகர் இரு பக்கங்களில் எதிரெதிராக அமர்ந்து அடிகளை மாறி மாறிப் பாடுவர். தாளமில்லை, வாத்தியமும் வேண்டியதில்லை. முதன்முறை கேட்பவருக்குச் சலிப்பே உண்டாகும் என்பதை மறைக்கவேண்டியதில்லை. மூன்றாவது சங்கீதத்தின் நடுப்பகுதியில், அந்த மூச்சளவு மௌனத்திற்காகவே காத்திருக்கத் தொடங்குகிறோம்.

இவ்விசையைப் பொதுமக்கள் ஒருபோதும் பாடவில்லை எனச் சிலர் எழுதுவர். இது முழுவதும் உண்மையன்று. பிரான்சின் கிராமக் கோவில்களில் ஞாயிறு மாலைச் சங்கீதங்கள் ஐந்தையும் உழவரும் கைவினைஞரும் இலத்தீனிலேயே மனப்பாடமாகப் பாடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரையில் நிலவிற்று. வாரந்தோறும் அதே ஐந்து சங்கீதங்கள் வந்தமையே அதனைச் சாத்தியமாக்கியது. அவ்வைந்தில் ஒன்று, எளியவனைப் புழுதியிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் தூக்கி அதிபதிகளுடன் அமர்த்துபவராக இறைவனைப் போற்றுகின்றது. சொற்கள் நாவிலிருந்தன, அவற்றின் பொருள் எவ்வளவு தூரம் நெஞ்சிலிருந்தது என்பது வேறு வினா.

பல்குரலிசையின் நிலை இதனின்று வேறுபட்டது. தொடக்கத்தில் ஓதுமெட்டை ஒரு குரல் நீண்ட சுரங்களாகப் பிடித்து நிற்க, ஏனைய குரல்கள் அதன் மேலும் கீழும் இயங்கின. ‘தெனோர்’ என்ற பெயரே பிடித்து நிற்பது என்னும் பொருளிற் பிறந்தது. காலப்போக்கில் நான்கு, ஐந்து, எட்டுக் குரல்கள் ஒன்றையொன்று பின்பற்றியும் விலகியும் செல்லும் நுண்ணிய கட்டடமாக அது வளர்ந்தது. இத்தகைய இசைக்குப் பயின்ற பாடகர் வேண்டும். சிறுவயது முதல் உணவும் உறையுளும் கொடுத்துப் பயிற்றப்பட்ட சிறுவர் வேண்டும். அவர்களைப் பேணும் செல்வம் வேண்டும். ஆகவே பேராலயங்களும் அரசவைக் கோவில்களுமே அதன் இருப்பிடங்களாயின. பர்கண்டியக் கோமக்களும் பாப்பரசர்களும் பவேரியக் கோமக்களும் நல்ல குரல்களுக்காகப் போட்டியிட்டனர். ஓர்லாந்தோ தி லாசோவைச் சிறுவயதில் அவரது குரலுக்காக மூன்று முறை கடத்திச் சென்றனர் என்ற கதை, உண்மையாயினும் அன்றாயினும், அக்காலத்தில் நம்பத்தக்கதாக இருந்தது என்பதே நமக்கு முக்கியம்.

அச்சு இதனை ஓரளவு மாற்றிற்று. 1501இல் வெனிஸ் நகரில் ஒத்தாவியானோ பெத்ருச்சி பல்குரலிசையை நகரும் அச்சினால் முதன்முதலாக வெளியிட்டார். 1528 அளவில் பாரிஸில் பியர் அத்தெஞான் ஒரே அழுத்தத்தில் அச்சிடும் மலிவான முறையைக் கையாண்டார். ஆனால் இத்தகைய நூல்கள் பெரும்பாலும் குரலுக்கொன்றாகத் தனித்தனிப் புத்தகங்களாகவே வெளிவந்தன. எந்தப் பாடகனின் கையிலும் முழுப்பாடல் இல்லை. தன் பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டு, பிறர் குரலைச் செவியால் மட்டுமே அறிந்து அவன் பாடினான். கேட்டலைப் பற்றிப் பேசும்போது இப்பாடகனையும் கேட்போருள் ஒருவனாக எண்ணுதல் தகும்.

சொற்கள் விளங்காமை குறித்து அக்காலத்திலேயே முறைப்பாடு எழுந்தது. திரெந்துப் பொதுச்சங்கம் 1562இல் கோவிலிலிருந்து சிற்றின்பச் சாயலுள்ள இசையை அகற்றுமாறு பணித்தது. பல்குரலிசை முற்றாகத் தடைசெய்யப்படவிருந்த தறுவாயில் பலஸ்திரீனாவின் ‘பாப்பரசர் மார்செலுஸ் பூசை’ அதனைக் காப்பாற்றியது என்ற கதை 1607இல் அகஸ்ஸாரியின் நூலில் அச்சேறி, 1828இல் பயினி எழுதிய வாழ்க்கை வரலாற்றால் நிலைபெற்று, 1917இல் பிவித்ஸ்னரின் இசை நாடகமாகவும் அரங்கேறியது. கதையின் பெரும்பகுதிக்கு ஆதாரமில்லை. இரண்டாம் மார்செலுஸ் 1555இல் மூன்று வாரமளவே பாப்பரசராக இருந்தார். அப்பூசை அச்சில் வந்தது 1567இல். கர்தினால் ஒருவரின் இல்லத்தில் 1565இல் பாப்பரசரின் பாடகர் பாடிக்காட்டினர், சொற்கள் விளங்குகின்றனவா என்பது சோதிக்கப்பட்டது என்பன மட்டுமே உறுதி. அதே மார்செலுஸுக்குப் பின்வந்த நான்காம் சின்னப்பர், மணமானவர் என்ற காரணத்தாற் பலஸ்திரீனாவைத் தமது பாடகர் குழாத்திலிருந்து நீக்கினார் என்பதைக் கதை சொல்வோர் ஏனோ விரைந்து கடந்து செல்வர்.

இனி, இக்கட்டுரையின் மையத்திற்கு வருவோம். மாலைச் செபத்தின் சிகரமாகிய மக்னிபிக்காத் லூக்கா சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்திலுள்ளது. கருவுற்ற ஓர் ஏழைப் பெண் தன் உறவினளின் வீட்டில் நின்று கூறுவதாக அது அமைந்துள்ளது. செருக்குற்றோர் சிதறடிக்கப்பட்டனர், வல்லோர் ஆசனங்களிலிருந்து வீழ்த்தப்பட்டனர், தாழ்ந்தோர் உயர்த்தப்பட்டனர், பசித்தோர் நன்மைகளால் நிரப்பப்பட்டனர், செல்வர் வெறுங்கையராய் அனுப்பப்பட்டனர் என்பது அதன் பிற்பகுதியின் பொருள். ஐரோப்பாவின் அரசவைக் கோவில்கள் அனைத்திலும், ஆசனங்களில் வீற்றிருந்தோரின் முன்னிலையில், அவர்களது ஊதியம் பெற்ற பாடகர்கள் நாள்தோறும் மாலையில் இச்சொற்களைப் பாடினர். சமுதாய வரலாற்று மாணவர் இதனைக் கேளாது செல்வது எங்ஙனம்?

இப்பா இறுதிப் புகழுரையுடன் 12 அடிகள் கொண்டது. பதினாறாம் நூற்றாண்டில் ஓர் அடியை ஓதுமெட்டிலும் அடுத்ததைப் பல்குரலிலும் மாறி மாறிப் பாடுதலே பெருவழக்கு. ஆகவே இசையமைப்போர் ஒற்றைப்படை அடிகளையோ இரட்டைப்படை அடிகளையோ மட்டும் பல்குரலில் அமைத்தனர். இரட்டைப்படை அமைப்பே மிகுதி. பலஸ்திரீனா 1591இல் வெளியிட்ட தொகுதியில் எட்டு மெட்டுகளுக்கும் இரு வகையிலும் அமைத்துக் காட்டினார். வல்லோர் வீழ்த்தப்படும் அடி ஏழாவது. பசித்தோர் நிரப்பப்படும் அடி எட்டாவது. எனவே இரட்டைப்படை அமைப்பைப் பாடும்போது, பசித்தோரின் அடி பல குரல்களின் இழைப்பில் வெளிப்பட, வல்லோரின் அடி எவ்வித அணியுமின்றி ஒற்றை ஓதுமெட்டில் நின்றது. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. இது வெறும் எண்கணக்கு. ஆயினும் அக்கோவிலில் நின்ற இலத்தீன் அறிந்த ஒருவனுக்கு அன்று மாலை மிகத் தெளிவாக விளங்கியிருக்கக்கூடிய அடிகளுள் ஒன்று அதுவே.

மியூனிக்கில் 1556 முதல் இறக்கும்வரை பவேரியக் கோமகனின் ஊழியத்திலிருந்த லாசோ ஏறக்குறைய நூறு மக்னிபிக்காத்துகளை இயற்றினார். அவரது மகன் 1619இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அவற்றுட் பல, அக்காலத்துக் காதற் பாடல்களின் இசையை அடித்தளமாகக் கொண்டவை. பிரிவைப் பாடும் சிப்ரியானோ த றோரேயின் இத்தாலியப் பாடல் ஒன்றின் மீதும் ஒரு மக்னிபிக்காத் எழுந்தது. அவையினர் மெட்டை இனங்கண்டு மகிழ்ந்திருப்பர் என ஊகித்தல் தவறாகாது. சொற்களின் கூர்மை பழகிய மெட்டின் இன்பத்தில் மழுங்கியதா என்று கேட்டால், பெரும்பாலும் ஆம் என்றே கூறவேண்டும். ஆனால் மழுங்கியது அழியவில்லை.

அது எப்போது மீண்டும் கூர்மை பெற்றது என்பதற்கு ஜேர்மனியே சான்று. 1521இல் மார்ட்டின் லூதர் மக்னிபிக்காத்துக்கு ஒரு விளக்கவுரை எழுதி சக்சனியின் இளங்கோமகனுக்கு அர்ப்பணித்தார். வல்லோர் ஆசனத்திலிருந்து வீழ்த்தப்படுவர் என்றே கூறப்பட்டது, ஆசனங்கள் உடைக்கப்படும் என்று கூறப்படவில்லை; உலகம் உள்ளவரை அதிகாரமும் ஆசனமும் இருந்தே தீரும் என்பது அங்கே அவர் கொண்ட பொருள். இரண்டு ஆண்டுகளின் பின், துரிங்கியாப் பகுதியின் அல்ஸ்தெற் என்னும் சிறு நகரில், தோமஸ் மூன்சர் வேறொரு வழியைத் தேர்ந்தார். அவர் 1523இல் ஜேர்மன் மொழியிற் செப வேளைகளை அமைத்து, இசைக் குறியீடுகளுடன் அச்சிட்டார். மாலைச் செபமும் அதில் அடக்கம். மெட்டுகள் பழைய இலத்தீன் மெட்டுகளே. சொற்கள் மட்டும் மக்களின் மொழி. உலகின் ஒளியை மறைத்து வைத்திருந்த வஞ்சக மூடியை அகற்றுவதே தமது நோக்கம் என்பதை அந்நூலின் தலைப்பிலேயே அவர் அறிவித்தார். சுற்றியிருந்த கிராமங்களிலிருந்தும் சுரங்கப் பகுதிகளிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தனர். மான்ஸ்பெல்ட் பிரபுவான ஏர்ன்ஸ்ற் தமது குடிகள் அங்கு செல்லலாகாது எனத் தடைவிதித்தார். செபத்தைக் கேட்பதற்குத் தடை! இலத்தீனில் ஆயிரம் ஆண்டுகள் பாடப்பட்டபோது தேவைப்படாத தடை இது.

கலை நோக்கில் மூன்சரின் முயற்சியில் குறை இருந்தது. இலத்தீனின் அழுத்தத்திற்கமைந்த மெட்டிற் ஜேர்மன் சொற்களைப் பொருத்துவது குரங்குகளின் போலிச்செயல் போன்றது; சொல்லும் சுரமும் தாய்மொழியிலிருந்தே பிறத்தல் வேண்டும் என 1525இல் லூதர் இத்தகைய முயற்சிகளைப் பற்றி எழுதினார். இசை இலக்கணப்படி லூதர் கூறியதே சரி. ஆனால் வரலாறு இசை இலக்கணத்தால் மட்டும் இயங்குவதில்லை. விவசாயிகள் போரின் உச்சத்தில், 1525 மே 12ஆம் தேதி, மான்ஸ்பெல்ட் பிரபு அல்பிரெக்றுக்கு எழுதிய கடிதத்தில் மூன்சர் மக்னிபிக்காத்தின் அந்த ஏழாவது அடியையே எடுத்துக்காட்டி, அது உம்மைப் போன்றோரைப் பற்றியே உரைக்கப்பட்டது என்ற கருத்தை வெளியிட்டார். மூன்று நாட்களின் பின் பிராங்கன்கௌசனில் விவசாயிகளின் படை அழிக்கப்பட்டது. மே 27ஆம் தேதி மூன்சர் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1850இல் விவசாயிகள் போரைப் பற்றி எழுதிய எங்கெல்ஸ், லூதருக்கு முன்பே வழிபாட்டிலிருந்து இலத்தீனை அகற்றியவராக மூன்சரைக் காட்டினார். அவரது கவனம் மொழியிலும் அரசியலிலும் நின்றது. அம்மொழி பழைய ஓதுமெட்டுகளின் மீதே மக்களைச் சென்றடைந்தது என்பதையும் நாம் சேர்த்து நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

இத்தாலியிற் கதை வேறுவிதமாகச் சென்றது. வெனிஸின் சான் மார்க்கோ அக்காலத்தில் அந்நகரின் பேராலயமன்று. குடியரசின் தலைவராகிய டோஜின் கோவில். 1527இல் அங்கு இசைத்தலைவராக நியமிக்கப்பட்ட வில்லேர்ட், இரு குழுக்களுக்குரிய மாலைச் சங்கீதங்களை 1550இல் வெளியிட்டார். எதிரெதிர் மாடங்களில் இரு பெருங்குழுக்கள் நின்று முழங்கின என்பது பலரும் திரும்பத் திரும்ப எழுதும் காட்சி. 1564ஆம் ஆண்டின் சடங்கு நூலோ ஒரு குழுவில் நான்கு பாடகரும் மற்றையதில் எஞ்சியோரும் பாடினர் என்கிறது. சிறப்புத் திருநாட்களிற் பொற்பீடத்திரை திறக்கப்படும்போது இவ்வாறு பாடப்பட்டது. அரசின் செல்வமும் இறைவனின் மகிமையும் ஒரே சட்டகத்துள் காட்டப்பட்டன.

மாந்துவாவில் கொன்சாகாக் கோமகனிடம் ஊழியம் செய்த கிளவுதியோ மொன்ரவேர்டி 1610இல் வெனிஸில் அச்சிட்டுப் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பருக்கு அர்ப்பணித்த மாலைச் செப இசை இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. அதன் முதற்பகுதியை நாம் எப்போது கேட்டாலும் ஒரு முரண் நம்மைத் தைக்கின்றது. இறைவா எனக்கு உதவ விரைந்து வாரும் என்னும் பொருளுடைய மன்றாட்டைப் பாடகர் ஒரே இசைவில் நின்று முழங்க, அதைச் சுற்றி ஒலிப்பது 1607இல் அவர் இயற்றிய ‘ஓர்பேயோ’ நாடகத்தின் தொடக்க எக்காள முழக்கம். அது கொன்சாகாக் குடும்பத்தின் வருகையை அறிவிக்கும் முழக்கமாக இருந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. இறைவனிடம் உதவி கேட்பவரின் பின்னால் கோமகனின் கொடி! அக்கோமகனிடம் தமக்குரிய ஊதியத்தைப் பெறுவதற்கு மொன்ரவேர்டி பட்ட பாட்டை அவரது கடிதங்கள் கூறுகின்றன. 1612இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது, 21 ஆண்டு ஊழியத்தின் பின் 25 ஸ்கூடியுடன் வெளியேறியதாகப் பின்னர் அவரே எழுதினார். 1613இல் சான் மார்க்கோ அவரை 300 டுக்காத்து ஊதியத்திற்கு அமர்த்தி, 1616இல் அதனை 400 ஆக்கியது.

பெண்களைப் பற்றிக் கூறாது இவ்விடயத்தை விடுதல் ஆகாது. கோவிலிற் பெண்கள் மௌனமாயிருத்தல் வேண்டும் என்ற பவுலின் கூற்றைக் காரணங்காட்டி ஆலயப் பாடகர் குழாங்களிலிருந்து அவர்கள் விலக்கப்பட்டனர். உயர்ந்த குரல்களுக்கு முதலிற் சிறுவரும், பின்னர் விதை நீக்கப்பட்ட ஆண்களும் பயன்படுத்தப்பட்டனர். பாப்பரசரின் சிஸ்தீன் குழாம் 1599இல் அத்தகையோரைச் சேர்த்துக்கொண்டது. அவ்வழக்கின் இறுதிப் பிரதிநிதிகளுள் ஒருவரான மொறெஸ்கியின் குரல் 1902இலும் 1904இலும் இசைத்தட்டிற் பதியப்பட்டுள்ளது. அதனை இன்பமாகக் கேட்க நம்மால் இயலவில்லை.

கன்னியர் மடங்களில் மட்டும் பெண்கள் அனைத்துக் குரல்களையும் தாமே பாடினர். மகளை மணமுடித்துக் கொடுப்பதற்கான சீதனத்திலும் மடத்திற்கான சீதனம் குறைவாயிருந்தமையால், இத்தாலிய உயர்குடியினர் தம் மகளிர் பலரை அங்கு அனுப்பினர். 1563இல் திரெந்துச் சங்கம் அடைப்பு விதியைக் கடுமையாக்கியது. அதன்பின் மடத்துக் கோவில் சுவரொன்றினால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது: உள்ளே கன்னியர், வெளியே ஊரார். சுவரின் கம்பித்திறப்பினூடாகக் குரல் மட்டும் வந்தது. பெராரா நகரின் கன்னியரான ரபாயெல்லா அலெயொத்தி 1593இல் தமது திருப்பாடல்களை அச்சிட்டார். மறுமலர்ச்சிக் காலத்தின் எல்லையைக் கடந்துவிட்டபோதிலும், மிலானில் சாந்த றதெகொந்தா மடத்துக் கன்னியர் கியாறா மர்கரித்தா கொத்ஸொலானி 1650இல் வெளியிட்ட எட்டுக் குரல் மாலைச் சங்கீதங்களையும் இங்கு குறிப்பிடவேண்டும். அம்மடத்தின் பாடலைக் கேட்க அயல்நாட்டுப் பயணிகளும் வந்தனர். அதே காரணத்தினாலேயே அதிமேற்றிராணியார் அவ்விசைக்குக் கட்டுப்பாடுகளை விதித்தார். சுவருக்கப்பால் நின்ற அப்பெண்கள் தாழ்ந்தோர் உயர்த்தப்படும் அடியைப் பாடும்போது யாரை நினைத்தனர்? அவர்களுட் பலர் செல்வர் வீட்டு மகளிர். ஆயினும் தம் வாழ்வைத் தாம் தெரிந்துகொள்ளாதோர். வர்க்கம் என்ற அளவுகோலை மட்டும் கொண்டு அளக்குமிடத்து இங்கு நமது அளவு பிழைக்கின்றது.

பிற்கால நிகழ்வுகளைச் சுருங்கக் கூறலாம். 1903இல் பத்தாம் பத்திநாதர் கிரகோரியன் இசையையும் பலஸ்திரீனாவின் மரபையும் கோவிலிசையின் முன்மாதிரியாக அறிவித்தார். பெண்கள் பாடகர் குழாத்திற் சேரலாகாது என்பதையும் அதே ஆவணத்தில் மீண்டும் வலியுறுத்தினார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழி திறந்தது. ஞாயிறு மாலைச் செபம் மக்களுடன் சேர்ந்து கோவிலில் நடைபெறுதல் வேண்டும் எனவும் விரும்பியது. 1970இன் சீர்திருத்தம் மாலைச் சங்கீதங்களை இரண்டாகக் குறைத்து, புதிய ஏற்பாட்டுப் பாடலொன்றைச் சேர்த்தது. மூன்சரின் கோரிக்கையின் ஒரு பாதி ஏறக்குறைய 440 ஆண்டுகளின் பின் நிறைவேறிற்று எனலாம். ஆனால் பெரும்பாலான கிராமங்களில், மக்கள் சங்கீதங்களைத் தம் மொழியிற் பாடவேண்டிய அந்த வேளையில், மாலைச் செபமே கைவிடப்பட்டது. பல்குரலிசையோ கச்சேரி மண்டபத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் குடிபெயர்ந்தது. அங்கு நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் கேட்கலாம். சொற்களின் பொருளும் அச்சிட்டுக் கொடுக்கப்படுகின்றது. கொன்சாகாவின் சமையற்காரிக்குக் கிட்டாத வசதி இது.

மொன்ரவேர்டியின் 1610ஆம் ஆண்டு நூலுக்கு இறுதியாக ஒருமுறை திரும்புவோம். அவர் மக்னிபிக்காத்தின் எல்லா அடிகளையும் இசையமைத்தார். எனவே ஏழாவது அடியும் உண்டு. ஒரு தெனோர் குரல் பழைய ஓதுமெட்டை நீண்ட சுரங்களிற் பிடித்து நிற்க, முதலில் இரு கோர்ணெற்றுக் குழல்களும் பின்னர் இரு வயலின்களும் ஒன்றுக்கொன்று எதிரொலியாக ஓடி விழுகின்றன. வல்லோர் வீழ்வது வாத்தியங்களிற் கேட்கின்றது. நடுவில் நிற்கும் குரல் அசைவதேயில்லை. அந்நூலிலேயே இன்னொரு மக்னிபிக்காத்தும் அச்சிடப்பட்டுள்ளது. அதற்கு ஆறு குரல்களும் ஓர் ஓர்கனும் போதும். வயலின்காரருக்கும் குழலூதுவோருக்கும் கொடுக்கப் பணமில்லாத கோவில்களும் அதனைப் பாடலாம். அடித்தளமான ஓதுமெட்டு இரண்டிலும் ஒன்றே.